எல்கர் ஓடிய தெரு

எழுத்துக்கூட்டிப் படித்தபடி "வொர்செஸ்டர்" என்று டிக்கெட் கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண்மணி சிரிக்காமல் "வூஸ்டரா?" என்று திருத்தினார். லண்டன் பாடிங்டனிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நடுவில் சிக்னல் கோளாறு என்று வண்டி அரைமணி நேரம் வயல்வெளியில் நின்றது, சாண்ட்விச்சும் தீர்ந்துபோச்சு, நல்ல எரிச்சல். அப்போதுதான் வூஸ்டரில் வளர்ந்த ஆங்கிலேய இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் இதே தடத்தில் எதிர்ப்பக்கம் போய்வந்த கதை ஞாபகம் வந்தது. இளவயதில் லண்டனில் ஒரே ஒரு கச்சேரி கேட்பதற்காகக் காலை 6 மணிக்கு எழுந்து, ஒரு மைல் நடந்து 7 மணி ரயிலைப் பிடித்து, 11 மணி வாக்கில் பாடிங்டனில் இறங்கி, பாதாள ரயிலில் விக்டோரியா, அங்கிருந்து கச்சேரி நடக்கும் கிரிஸ்டல் பேலஸ் மாளிகை. ஒத்திகையின் வால் பகுதியாவது காதில் விழாதா என்ற ஆசைதான். மதியம் 3 மணிக்குக் கச்சேரி, வீடு திரும்ப இரவு பத்தரை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

வூஸ்டரிலிருந்து 3 மைலில் லோயர் பிராட்ஹீத் கிராமம். 1857 ஜூன் 2 அன்று எல்கர் பிறந்த செங்கல் வீடு அங்கே இருக்கிறது, இப்போது நினைவில்லம். தோட்டத்து பெஞ்சில் வெண்கல எல்கர் உட்கார்ந்து மால்வர்ன் மலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன், எடுக்காமல் வர மனசு வருமா? ஆனால் குழந்தைக்கு இரண்டு வயதாகும்போதே குடும்பம் வூஸ்டர் நகரத்துக்குத் திரும்பிவிட்டது. அவர் நிஜமாகவே வளர்ந்த இடம் ஹை ஸ்ட்ரீட் 10-ஆம் எண், அப்பா வைத்திருந்த இசைக்கடை. அதை 1960களில் இடித்துவிட்டார்கள். நினைவே இல்லாத வீட்டைப் பூட்டிப் பாதுகாத்துவிட்டு, எல்லாம் கற்றுக்கொண்ட கடையைத் தரைமட்டமாக்கியது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று எனக்குப் புரியவில்லை.

அப்பா வில்லியம், பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர், வயலினும் வாசிப்பார், செயின்ட் ஜார்ஜ் கத்தோலிக்கக் கோவிலில் ஆர்கன் வாசிப்பவரும் அவரே. அம்மா ஆன் புத்தகப் பிரியை. ஏழு பிள்ளைகளில் எட்வர்ட் நாலாவது. கடை நிறைய வாத்தியமும் இசைத்தாளும் பாடநூல்களும். பையன் ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தான். பள்ளி 15 வயதோடு முடிந்தது. ஜெர்மனியில் லைப்சிக் போய்ப் படிக்க வேண்டும் என்று ஜெர்மன் மொழிகூடக் கற்றுக்கொண்டார். காசு இல்லை. வக்கீல் ஆபீசில் ஒரு வருஷம் வேலை. லண்டனில் அடோல்ஃப் பொலிட்சரிடம் கொஞ்ச நாள் வயலின் பாடம், அவ்வளவுதான் வெளியே போய்ப் படித்தது. ஹார்மனி என்கிற சுரச்சேர்க்கை, இசையின் கட்டமைப்பு எல்லாம் சுயமாகக் கற்றதுதான். மொட்சார்ட்டின் ஜி மைனர் சிம்பொனியை எடுத்து வைத்துக்கொண்டு, அதே வாத்தியங்கள், அதே எண்ணிக்கையில் தாள அளவுகள் என்று வெற்றுத்தாளில் கோடு போட்டு, சுருதி மாறும் இடங்களையும் கூடியவரை அப்படியே வைத்து, அந்தச் சட்டத்துக்குள் தன் சொந்த சிம்பொனி ஒன்றை எழுதிப் பழகியிருக்கிறார். எந்த வாத்தியார் இப்படி வீட்டுப்பாடம் கொடுப்பார்?

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. ஞாயிறு பூசை செயின்ட் ஜார்ஜில் முடிந்ததும் பையன் கதீட்ரலுக்கு ஓடுவானாம். அங்கே வழிபாடு கொஞ்சம் தாமதமாக முடியும், கடைசியில் வாசிக்கும் ஆர்கன் இசையைப் பிடித்துவிடலாம். நானும் சான்சம் பிளேசில் இருக்கும் அந்தக் கோவில் வாசலிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்பினேன். ஃபோர்கேட் ஸ்ட்ரீட்டில் ரயில் பாலத்தைத் தாண்டி, கடைத்தெருவில் கூட்டத்தில் இடித்துப் புகுந்து, ஹை ஸ்ட்ரீட் முனையில் கதீட்ரலைப் பார்த்து நிற்கும் எல்கர் சிலை வரைக்கும் 13 நிமிடம், மூச்சு வாங்கியது. எட்டு பத்து வயதில் அவர் இந்தக் கதீட்ரலின் இசை நூலகத்திலிருந்து புத்தகங்களை இரவல் வாங்கிப் படித்தவர்.

வூஸ்டருக்குப் பக்கத்திலிருக்கும் பவிக் என்ற ஊருக்குப் போக நேரமில்லை. 1879-இல் அங்கிருந்த மனநல மருத்துவமனையின் வாத்தியக்குழுவுக்கு, 22 வயதுகூட நிரம்பாத எல்கர் தலைவரானார். மருத்துவமனை ஊழியர்கள்தான் வாசிப்பவர்கள். ஏதோ சில வயலின், ஒரு கிளாரினெட், இரண்டு கார்னெட், ஒரு யூஃபோனியம் என்று யார் சேர்த்தார்களோ தெரியாத கூட்டணி, அதற்குப் பொருந்துகிற மாதிரி நோயாளிகள் ஆட போல்கா, குவாட்ரில் என்ற நடன இசைகளை எழுத வேண்டும், ஒன்றுக்கு 5 ஷில்லிங். எந்த வாத்தியம் எந்த வாத்தியத்தை அமுக்கும் என்பதை வாராவாரம் காதாலேயே சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் எந்தக் கல்லூரியில் கிடைத்திருக்கும்?

சாயங்காலம் செவர்ன் ஆற்றங்கரைக்குப் போனேன். நாணல் புதரில் காகிதத்தோடு உட்கார்ந்து, கேட்கும் ஓசைகளை எழுத்தில் பிடிக்கப் பார்த்த சிறுவன் இன்னும் தனக்குள் இருப்பதாக எல்கர் 60 வயதுக்கு மேல் ஒரு கடிதத்தில் எழுதினார். கரையோரம் ஏகப்பட்ட அன்னங்கள். என் கையில் சிப்ஸ் பொட்டலத்தைப் பார்த்ததும் நாலைந்து கழுத்தை நீட்டிக்கொண்டு கரையேறி வந்துவிட்டன. காதைத் தீட்டிக் கேட்கலாம் என்று நின்றவன், பொட்டலத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து நடையைக் கட்டினேன்.