கல்லு ஒட்டுன க்ராஃப்ட் பீரியட்

நம்ம ஸ்கூல்ல படிச்சவங்க போடுற மலர்ல, போன தடவ கணக்கு சார பத்தி நாலஞ்சு பேர் எழுதிருந்தீங்க, க்ராஃப்ட் டீச்சர பத்தி ஒரு வரி கூட காணோம், அதான் இந்த தடவ நான் எழுதிட்டேன். காரைக்குடி வெயில்ல வெள்ளிக்கிழம கடைசி ரெண்டு பீரியட் யாருக்கு பாடம் ஏறும், நம்மள பின் வராண்டால ஆத்தங்குடி டைல்ஸ் பதிச்ச தரைல சம்மணம் போட்டு உக்கார வச்சுருவாங்க. கொட்டானுக்கு, அதான் பனையோல கூடைக்கு, ஓரத்துல மணி கோக்கிறது, ஆரத்தி தட்டுக்கு கல்லு ஒட்டுறது, இதுதான் வேல.

கல்லுன்னா நம்மூர்ல வைரந்தான ஞாபகம் வரும். டீச்சர் அங்கருந்துதான் ஆரம்பிப்பாங்க. "ஏத்தா, உங்க ஆயா தோட்டுல பசையா இருக்கு? தங்கம்ல கல்ல புடிச்சுருக்கு. இது கண்ணாடி, அடி தட்டையா இருக்கு, இத பசைதான் புடிக்கணும்." அடி கூரா இருக்குற கல்ல தட்டுல ஒட்டவே விடமாட்டாங்க, அதுக்கு கல்ல புடிச்சுக்குற சின்ன உலோக கப் வேணும், இல்லாட்டி ஆடிக்கிட்டே கெடந்து உதிரும்.

ஈர்க்குச்சி நுனில மெழுக உருட்டி வச்சு அதால கல்ல தொட்டு தூக்க சொல்லுவாங்க, கை வேர்வ பட்டா பசை புடிக்காதுன்னு. பசைய கல்லுல தடவக்கூடாது, தட்டுல ஒரு பொட்டு வச்சு அதுமேல கல்ல எறக்கி லேசா அமுக்கணும், சுத்தி ஓரத்துல மெல்லிசா ஒரு வளையம் எட்டி பாத்தா சரி. வழிஞ்சா கல்லு மேல ஏறி பளபளப்பு போயிரும், பத்தலன்னா மறுநா தட்ட எடுக்கும்போதே பொலபொலன்னு கொட்டும்.

ஆண்டு விழாவுக்கு மொத நாள் நம்ம செட்டுல ஒருத்தி (பேரு வேணாம், அவளும் இத படிப்பா) அவசரத்துக்கு சூப்பர் க்ளூ வாங்கிட்டு வந்து தட்டு பூரா ஒட்டுனா, காலைல பாத்தா கல்லெல்லாம் திருநீறு பூசுன மாதிரி வெள்ளையா நிக்குது. அந்த பசைலருந்து வர்ற ஆவிதான் கல்லு மேல போயி அப்பிடி படியுது. காஞ்சா கண்ணாடி மாதிரி வெறச்சும் போயிரும், தட்டு கீழ விழுந்தா கல்லு தெறிச்சுரும்.

இப்ப சிங்கப்பூர்ல நவராத்திரி, தீபாவளி வந்துட்டா சில்க் த்ரெட் வளையல் பண்ணி குடுக்கறேன். கல்லு ஒரு க்ராஸ், அதாவது 144, அப்பிடித்தான் வாங்குறது. கல்லு அளவ எஸ்எஸ்னு ஒரு நம்பர்ல சொல்லுவாங்க, எஸ்எஸ் 16ன்னா ஏறக்குறைய 4 மில்லிமீட்டர், வளையலுக்கு அதான் அளவு. ஆஸ்திரியால வாட்டன்ஸ்ங்கிற ஊர்ல 1895ல ஆரம்பிச்ச ஸ்வரோவ்ஸ்கி கம்பெனியோட கல்லு வேற ரகம்தான், ஆனா வளையலுக்கெல்லாம் அது கட்டுபடியாகாது. பசைக்கு ஈ-6000, நாத்தம் கொடலப் புடுங்கும், ஜன்னல தெறந்து வச்சுக்கங்க. முழுசா இறுக 24லருந்து 72 மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் தொடாதீங்க. கல்லுக்கு பின்னாடி இருக்குற வெள்ளி பூச்ச நகத்தால சொரண்டிறாதீங்க, மினுக்கே அதுலதான் இருக்கு. ஹாட்ஃபிக்ஸ் கல்லு அடியில பசையோடவே வரும், சூடு காட்டுனா ஒட்டிக்கும், ப்ளவுஸுக்கு நல்லாருக்கும், பிளாஸ்டிக் வளையலுக்கு மட்டும் வேண்டவே வேணாம், வளையலே நெளிஞ்சுரும்.

இந்த வருஷ ஒன்றுகூடலுக்கு ஆரத்தி தட்டு என் பொறுப்பு. பழைய ப்ளவுஸ், தோடுன்னு உதிர்ந்த கல்லு யார்ட்டயாவது கெடந்தா தூக்கி போடாம எடுத்துட்டு வாங்க, கலர் எதுன்னாலும் பரவால்ல, பச்ச மட்டும் ஏற்கெனவே நெறைய இருக்கு.