விரல் மடங்கும் நேரம்

செப்டம்பர் 16, 2025, செவ்வாய்
காலையில் எழுந்து விரல் மடங்க 70 நிமிடம்.

செப்டம்பர் 17, புதன்
மாத்திரை நாள். காலண்டரில் புதன்கிழமைகளை எல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேன். முடக்குவாதத்துக்குப் போடும் மெத்தோட்ரெக்ஸேட், வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று மருந்துக்கடைப் பையன் ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் தருகிறான். நாளைக்கு ஃபோலிக் ஆசிட்.

செப்டம்பர் 18, வியாழன்
குமட்டல். ஒரு பிளவுஸ்கூட வெட்டவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு
சின்னம்மா வந்தது. கையில் முடக்கத்தான் கீரை ஒரு கட்டு, பேர் ஒட்டாத டப்பாவில் ஏதோ பொடி. "இங்கிலீஷ் மருந்து ஈரலைத் தின்னுரும், நிறுத்திரு தாயி" என்று கண் கலங்கிச் சொன்னது. போன வருசமும் இதைத்தான் சொன்னது, நானும் நிறுத்தினேன். மூணாம் மாசம் டம்ளரைத் தூக்க முடியவில்லை. மோதிர விரல் அப்போது சாய்ந்ததுதான், இன்னும் நிமிரவில்லை. ஈரலுக்காகத்தான் குறித்த நாளில் ரத்தம் கொடுத்துப் பார்க்கிறோம் என்றேன். சின்னம்மா காதில் ஏறவில்லை. என்மேல் உள்ள பாசம், சண்டை போட மனசு வரவில்லை.

பொடியைத் தொடவில்லை. இப்படி வரும் சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அதனால்தான் இரண்டே நாளில் வலி பறக்கும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருக்கிறார். கீரையை மாவோடு அரைத்துத் தோசை ஊற்றினேன். முடக்கை அறுப்பதால் முடக்கறுத்தான். லேசான கசப்பு, நன்றாகவே இருந்தது. சாப்பாடாகச் சாப்பிட யாரும் தடை சொல்லவில்லை.

செப்டம்பர் 24, புதன்
55. மாத்திரை போட்டாச்சு.

செப்டம்பர் 26, வெள்ளி
விரலைக் காட்டப் போனால் வாயைத் திறக்கச் சொல்கிறார் டாக்டர். பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா என்றார். வருகிறது, வருசக்கணக்காக. ஈறு வீக்கத்துக்கும் இந்த வாதத்துக்கும் தொடர்பு உண்டாம். பல் டாக்டரிடம் போய்ச் சுத்தம் செய்துகொண்டு வந்தேன். இத்தனை வருசம் யாரும் கேட்கவில்லையே.

செப்டம்பர் 29, திங்கள்
85. ராத்திரி மூணு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. தீபாவளிக்கு 43 பிளவுஸ் கிடக்கிறது, இருபதுக்கு லைனிங். படுத்தால் கண்ணுக்குள் துணிதான். ஒரு மாசமாக நோட்டில் குறித்து வைத்ததைப் புரட்டினேன். தூக்கம் குறைந்த ராத்திரிக்கு மறுநாள் எல்லாம் நிமிடம் கூடியிருக்கிறது. என் விசயத்தில் மழைகூட இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை. வலியால் தூக்கம் போகிறது, தூக்கம் போவதால் வலி ஏறுகிறது. எங்கே பிடித்து நிறுத்துவது? தூக்கத்தில்தான் பிடிக்க முடியும் என்று தோன்றுகிறது. இனி ஒன்பதரைக்கு மிஷின் மூடியாச்சு. 12 பேருக்கு போன் போட்டு முடியாது என்று சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்தது.

அக்டோபர் 1, புதன்
ஆயுத பூஜை. மிஷினுக்கு மோட்டார் போட்டாச்சு, முழங்காலுக்கு விடுதலை. பிடியில் துணி சுற்றிய கத்தரிக்கோலுக்குப் பொட்டு வைக்கும்போது என் கைக்கும் வைக்கணும் போலிருந்தது. இரண்டு கைக்கும் வைத்தேன். புதன், மறக்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்
பிசியோதெரபி அம்மா ரொம்பக் கண்டிப்பு. குடத்தை விரலால் தூக்காதீங்க, முன்கையில் அணைச்சுத் தூக்குங்க. டப்பா மூடியை உள்ளங்கையால் அழுத்தித் திருப்புங்க. காலையில் வெந்நீரில் கை வைத்து விரலை மடக்கி நீட்டுங்க. வலிக்குதுன்னு உட்கார்ந்தா தசை இளைச்சிரும், அப்புறம் மூட்டுக்கு முட்டுக் கொடுக்க ஆள் இல்லை என்றார். சாயங்காலம் தெப்பக்குளத்தை ஒரு சுற்று நடந்தேன். காற்று நல்லா இருந்தது. வீங்கின நாளில் மட்டும் ஓய்வு.

அக்டோபர் 9, வியாழன்
உடம்பில் வீக்கம் எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, ஈ.எஸ்.ஆர். 64 இருந்தது 41 ஆகியிருக்கிறது. குமட்டலிலும் சிரித்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு
40. புரட்டாசி முடியட்டும், மத்தி வாங்கணும்.

அக்டோபர் 14, செவ்வாய்
35!

அக்டோபர் 16, வியாழன்
பாப்பா காலையில் "கை வலிக்குதும்மா" என்றாள். எழுந்ததிலிருந்தா, பரீட்சை எழுதி எழுதியா என்று கேட்க வாய் வரவில்லை. அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்றில்லை, வாய்ப்புதான் கொஞ்சம் கூடும் என்று டாக்டர் எப்போதோ சொன்னார். அதையே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். கை தவறி ஒரு கழுத்தைத் தப்பாக வெட்டிவிட்டேன். தூக்கம் இல்லை.

அக்டோபர் 17, வெள்ளி
அவள் கண் விழித்ததும் மடக்கச் சொன்னேன். உடனே மடங்கியது. இன்னொரு தடவை மடக்கச் சொன்னேன்.

எனக்கு 60.