உலக முடிவில் கட்டுச்சோறு

இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் அரசு விடுமுறை. போயா என்பார்கள். திருப்பூரில் இருந்தவரை என் கணவர் நிலாவை அண்ணாந்து பார்த்ததே இல்லை. கண்டிக்கு அருகே ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அடுத்த ஆண்டு பௌர்ணமிகள் எந்தெந்தக் கிழமையில் வருகின்றன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறார். சனிக்கிழமை பாதி நாள் வேலை. ஞாயிறு துணிக்கும் தூக்கத்துக்கும் சரியாகிவிடும். போயா திங்களில் விழுந்தால்தான் எங்களுக்கு ஊர் சுற்றும் யோகம்.

சங்கடம் என்னவென்றால், கொழும்பில் இருப்பவர்களும் அதே நிலாவைத்தான் பார்க்கிறார்கள். நீண்ட வார இறுதி என்றால் பாதிக் கொழும்பு மலைநகரமான நுவரெலியாவுக்கு ஏறிவிடும். ரயிலில் முன்பதிவு இருக்கை கிடைக்காது. பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்கும், இரண்டு கால்களையும் ஊன்ற இடம் கிடைக்காது. ஆகவே வேன். வேன் என்றால் எங்களுக்கு ஒரே ஓட்டுநர் அண்ணன்தான். புசல்லாவைப் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். என் கணவரை 'சேர்' என்பார். மலைநாட்டின் புகழுக்குத் தன்னையே பொறுப்பாளராக நியமித்துக்கொண்டவர்.

இப்படிப்பட்டவருடைய வேனில்தான் ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனாரை ஏற்றினோம். மாமனார் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். திருப்பூர்க்காரர்களுக்கு ஊட்டி பக்கத்து வீடு. மாமனாருக்கோ சொந்த வீடு. ரம்பொடை தாண்டியதும் குளிர்காற்று வந்தது. "ஊட்டி மாதிரியே இருக்கிறதே" என்றார். பாராட்டுகிறார் என்றுதான் ஓட்டுநர் அண்ணன் முதலில் நினைத்தார்.

நுவரெலியாவுக்குள் நுழைந்ததும் உண்மை விளங்கிவிட்டது. அதோ கிரகரி ஏரி என்று அண்ணன் காட்டினார். "எந்த வருடம்?" என்றார் மாமனார். கவர்னர் கிரகரி காலத்தில் 1873இல் வந்தது என்று கைப்பேசியைப் பார்த்து நான் சொன்னேன். "ஊட்டி ஏரி 1824. ஜான் சல்லிவன்" என்று வந்தது பதில். ஹக்கல தாவரவியல் பூங்கா 1861இல், சின்கோனா பயிரிடுவதற்காகத் தொடங்கியது. ஊட்டிப் பூங்கா 1848. குதிரைப் பந்தயத் திடலா? அங்கேயும் இருந்தது. நாட்டிலேயே உயர்ந்த மலையான பிதுருதலாகலையை, ஆட்டத்தை முடித்துவைக்கிற நோக்கத்தோடு, அண்ணன் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திக் காட்டினார். அதன் உயரம் 2,524 மீட்டர். தொட்டபெட்டா 2,637. வித்தியாசத்தை மாமனார் மனக்கணக்காகவே போட்டு, "113 மீட்டர் குறைவு" என்று தன்மையாகச் சொன்னார். அந்தத் தன்மைதான் அண்ணனை மிகவும் நோகடித்திருக்க வேண்டும்.

சிறிது தூரம் பேசாமல் ஓட்டியவர் திடீரென்று கேட்டார்: "ஐயா, ஊட்டியில் உலக முடிவு இருக்கிறதா?"

"குன்னூரில் டால்பின் மூக்கு இருக்கிறது" என்றார் மாமனார். குரலில் பழைய சுருதி இல்லை.

"அதெல்லாம் சரி. நாளைக்குக் காலையில் பாருங்கள் ஐயா."

உலக முடிவு இருக்கும் ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே அறிவுரைதான்: விடிவதற்குள் கிளம்புங்கள், ஒன்பது பத்து மணிக்குமேல் பள்ளத்தாக்கை மூடுபனி மூடிவிடும். ஐந்து மணிக்குப் புறப்பாடு என்று முடிவானது. மாமியார் மூன்று மணிக்கே எழுந்துவிட்டார். கண்டியிலிருந்து ரகசியமாகக் கொண்டுவந்திருந்த ரைஸ் குக்கரை விடுதி அறையில் செருகியிருக்கிறார். விடுதி முழுக்க இருட்டானது. மேலாளர் டார்ச்சுடன் மாடி ஏறி வந்தபோது மாமியார் குக்கரைப் போர்வைக்குள் தள்ளிவிட்டு, "இந்த ஊரில் அடிக்கடி கரண்ட் போகுமா தம்பி?" என்று விசாரித்தார். சோறு அரைவேக்காடு. மின்சாரம் திரும்பி வந்து, மீதியும் வெந்து, அதைச் சட்டித் தயிர் விட்டுப் பிசைந்து, எல்லாவற்றையும் கட்டி முடித்துக் கிளம்பியபோது வெளியே நன்றாக விடிந்திருந்தது. தயிரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மண்சட்டியில் வரும் எருமைத் தயிர், கவிழ்த்தாலும் விழாது.

வழியில்தான் மாமியார் ஓட்டுநர் அண்ணனின் பூர்வீகத்தை விசாரித்தார். தாத்தா துறையூர்ப் பக்கமாம். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தின்படி அத்தை குடும்பம் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்திலேயே வேலைக்குச் சேர்ந்திருக்கிறது. இவருடைய அப்பா இங்கேயே தங்கிவிட்டார். அத்தையை அண்ணன் பார்த்ததே இல்லை. "கோத்தகிரி எப்படி இருக்கும் ஐயா?" என்று கேட்டார். மாமனார் வெளியே பார்த்தார். சரிவெல்லாம் தேயிலை, நடுவே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளின் தகரக் கூரை. "இதே மாதிரிதான் தம்பி" என்றார். முந்தைய நாளிலிருந்து அவர் ஊட்டியை ஜெயிக்க விடாமல் சொன்ன ஒரே வாக்கியம் அது.

நுழைவாயிலில் வெளிநாட்டவர் கட்டணத்தைக் கேட்டதும் மாமியார் மூன்றரையால் வகுத்தார். இலங்கை ரூபாயை இந்திய ரூபாயாக்க அது அவருடைய சூத்திரம். வகுத்தும் தொகை பெரிதாகவே இருந்ததால் இன்னொரு முறை வகுத்துப் பார்த்தார். அதன்பின் சமாதானமாகிவிட்டார்.

நடைபாதை தொடங்கும் இடத்தில் பைகளைச் சோதிக்கிறார்கள். காட்டுக்குள் பாலித்தீன் கொண்டுபோகக் கூடாது. பிஸ்கட் பாக்கெட் என்றால் உறையைக் கிழித்துக் காகிதப் பையில் கொட்டித் தருவார்கள். நல்ல ஏற்பாடு. நம் ஊர் மலைகளிலும் இந்தக் கண்டிப்பு வேண்டும் என்று முந்தைய இரவுதான் பேசிக்கொண்டிருந்தோம். மாமியார் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. பாத்திரங்களைக் கட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

சோதனை மேசையில் இருந்த இளைஞர் பையைத் திறந்தார். முதலில் வந்தது புளிச்சோறு. வாழையிலையில் மடித்து, செய்தித்தாளில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, எண்ணெய் கசியுமோ என்று இன்னொரு பாலித்தீன் பையில் போட்டிருந்தது. பிறகு தேன்குழல். பிறகு அவித்த கடலை. பருப்புப்பொடி, அதற்கு நல்லெண்ணெய் தனியாக. எலுமிச்சை ஊறுகாய். ஒவ்வொன்றும் ஒரு பாலித்தீன் பையில், ஒவ்வொரு பையின் வாயிலும் மாமியாரின் பிரத்தியேக முடிச்சு. அந்த முடிச்சை அவிழ்க்க எங்கள் வீட்டில் மாமனாருக்கே முப்பது வருடப் பயிற்சி தேவைப்பட்டது. இளைஞர் நகத்தால் முயன்றார். பல்லால் கடிக்க யோசித்து, வேலையின் கௌரவம் கருதி விட்டுவிட்டார். எங்களுக்குப் பின்னால் ஒரு ஜெர்மன் குடும்பம் தோளில் ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டியோடு மரியாதையாகக் காத்திருந்தது. அதற்கும் பின்னால் ஒரு பள்ளிக்கூடமே நின்றது.

காகிதப் பைகள் தீர்ந்து, அலுவலர் உள்ளே போய் ஒரு கட்டு பழைய செய்தித்தாள் கொண்டுவந்தார். தயிர்ச்சோறு எவர்சில்வர் தூக்கில் இருந்ததால் தப்பித்தது. ஆனால் தூக்கின் மூடிக்கு அடியில் ஒரு பாலித்தீன் இருந்தது. அதையும் கண்டுபிடித்து உருவிவிட்டார். கெட்டிக்காரர். கடைசியில் மாமியாரின் கைப்பை. கண்ணாடிக்கூடு பாலித்தீனில். ரூபாய் நோட்டுகள் பாலித்தீனில். அடியில் அவிநாசி கோயில் திருநீறு, அதுவும் பாலித்தீனில். திருநீற்றைக் கண்டதும் இளைஞரின் கை நின்றது. பெரியவர் ஒருவரைக் கண்ணால் கேட்டார். பெரியவர் தலையசைத்தார். இளைஞர் செய்தித்தாளில் ஓரமாக ஒரு துண்டு கிழித்து, அச்சு மை படாத வெள்ளைப் பகுதி உள்ளே வரும்படி மடித்து, ஒரு துளி சிந்தாமல் திருநீற்றை அதில் மாற்றி இரு கையாலும் நீட்டினார். மாமியார் உடனே கொஞ்சம் எடுத்து அவர் நெற்றியில் பூசிவிட்டார். அவரும் குனிந்து வாங்கிக்கொண்டார். அடுத்து ஜெர்மன் குடும்பம் தானாகவே நெற்றியைக் காட்டி நின்றதைப் பார்த்து, இதுவும் நுழைவு விதிகளில் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள் எனப் புரிந்துகொண்டேன்.

மேசையில் குவிந்த பாலித்தீனைப் பார்த்து மாமனார், "மழைக்கோட்டும் பாலித்தீன்தானே, அதைக் கழற்ற வேண்டாமா?" என்று சட்டம் பேசினார். நல்லவேளை, அது யாருக்கும் மொழிபெயர்க்கப்படவில்லை.

சமவெளி அழகானது. பழுப்பேறிய புல்வெளி, ஓரத்தில் தலை கவிழ்ந்த குட்டை மரங்கள், கார் நிறுத்துமிடத்திலேயே கூச்சமில்லாமல் நிற்கும் மரை மான்கள். ஒரு மான் புளிச்சோற்று வாசனைக்குத் தலையைத் தூக்கியது. 'உணவு கொடுக்காதீர்' என்ற பலகையை மாமியாருக்கு நான் இரண்டு முறை வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. வழக்கமாக வண்டியிலேயே தூங்கும் ஓட்டுநர் அண்ணன் அன்று எங்களோடு நடந்தார். இது அவருடைய மானப் பிரச்சினை.

சிறிய உலக முடிவில் பனி. பெரிய உலக முடிவை அடைந்தபோது பத்தரை மணி. மலை சட்டென்று செங்குத்தாக அறுந்து விழும் இடம். தெளிவான நாளில் தென்கடல் வரை தெரியும் என்பார்கள். எங்களுக்கு முன்னால், வண்ணான் துறையில் விரித்த வேட்டி போல, வெள்ளை. மேலே வெள்ளை, கீழே வெள்ளை. கூட்டம் கூட்டமாக மக்கள் அந்த வெள்ளைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாமனார் நீண்ட நேரம் பார்த்தார். "டால்பின் மூக்கிலும் இப்படித்தான்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கள் ஐயா, விலகும்" என்றார் அண்ணன். அவர் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. பொறுப்பது என்று முடிவானால் எங்கள் குடும்பத்துக்குச் செய்ய ஒரே வேலைதான் உண்டு. செய்தித்தாள்களைப் பிரித்தோம். புளிச்சோறு நன்றாக ஊறியிருந்தது. அண்ணனுக்கு இலை நிறைய வைத்தார் மாமியார். பக்கத்தில் நின்ற ஜெர்மன் சிறுவனுக்கும் ஒரு தேன்குழல் போயிற்று. ஊறுகாயைக் காணோம். பாலித்தீனை இழந்த ஊறுகாய் எந்தச் செய்தித்தாளில் அடைக்கலம் புகுந்தது என்று மாமனார் பைக்குள் தலையை விட்டுத் தேடத் தொடங்கினார்.

அப்போது பனி விலகியது. திரையை இழுத்ததைப் போலெல்லாம் இல்லை. ஒரு ஓரம் கிழிந்து, அந்தக் கிழிசல் வழியே, அவ்வளவு ஆழத்தில், தேயிலைத் தோட்டமும் ஒரு கோடு பாதையும் தெரிந்தன. காலுக்குக் கீழே இவ்வளவு வெறுமை இருக்கிறது என்று தெரிந்ததும் என் கணவர் மகளின் கையையும் என் கையையும் சேர்த்துப் பிடித்துப் பின்னால் இழுத்தார். கூட்டம் முழுவதும் 'ஆ' என்றது. "ஐயா! ஐயா!" என்று அண்ணன் கத்தினார்.

"கிடைத்துவிட்டது" என்று மாமனார் ஊறுகாயோடு நிமிர்ந்தபோது மறுபடியும் வெள்ளை.

திரும்பும் வழி நெடுகிலும் வழக்கு நடந்தது. சாட்சிகள் அனைவரும் அண்ணன் பக்கம். ஆனால் தான் கண்ணால் காணாததை வரலாறாக ஏற்க முடியாது என்பது மாமனார் வாதம். 1824இல் சல்லிவன் ஏரி வெட்டியதை இவர் எந்தக் கரையில் நின்று பார்த்தார் என்று கேட்கத் தோன்றியது. மருமகளாக இருப்பதில் இது ஒரு கஷ்டம். பேக்கர் நீர்வீழ்ச்சியையும் பார்த்தோம். அதற்குப் பெயர் தந்த சாமுவேல் பேக்கர், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நுவரெலியாவில் பண்ணை வைத்து ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட முயன்றவர். மாமியாருக்கு மொத்தப் பயணத்திலும் பிடித்த வெள்ளைக்காரர் அவர்தான். அவர் புண்ணியத்தில் சாலையோரக் கடைகளில் லீக்ஸ், கேரட், பீட்ரூட், முட்டைகோஸ் எல்லாம் மண் கழுவி அடுக்கியிருந்தன. வேனின் பின் இருக்கை நிரம்பியது. அங்கிருந்தே தங்கைக்கு வாட்ஸ்அப்பில் பேசினார்: "உலக முடிவையெல்லாம் பார்த்தாயிற்று. கேரட் நன்றாக இருக்கிறது."

நுவரெலியாவிலிருந்து ரம்பொடைக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் பூ விற்கும் இளைஞர்கள் நிற்பார்கள். நீங்கள் வாங்காமல் வளைவைக் கடந்தால், வண்டி சுற்றி இறங்குவதற்குள் தேயிலைச் சரிவில் குறுக்கு வழியாக ஓடி, அடுத்த வளைவில் அதே பூங்கொத்தோடு சிரித்துக்கொண்டு நிற்பார்கள். முதல் வளைவில் ஒருவன் 500 என்றான். மாமியார் வகுத்தார், உதட்டைப் பிதுக்கினார். அடுத்த வளைவில் 400. அதற்கடுத்ததில், மூச்சிரைக்க, 300. மாமியார் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "நிறுத்தாதே தம்பி, மெதுவாகப் போ. இன்னும் ஒரு வளைவு இருக்கிறதல்லவா?" என்றார். கையில் 200 ரூபாய் தயாராக இருந்தது.

அந்த வளைவில் யாரும் இல்லை.

மாமியார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "வண்டியைத் திருப்பு" என்றார். என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார். ஓட்டுநர் அண்ணன் அன்றைய நாளின் முதல் உண்மையான சந்தோஷத்தோடு, அகலமான இடம் பார்த்து வேனைத் திருப்பி மேலே ஏற்றினார். முந்தைய வளைவில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து அவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

"எவ்வளவு தம்பி?" என்றார் மாமியார்.

"500 அம்மா."

வகுக்காமல் கொடுத்தார்.