பேசாமல் இருந்த பெண்

அமெரிக்காவில் வாழும் மோங் இன எழுத்தாளர் காவ் கலியா யாங் எழுதியதைத் தாராவியில் மாலை டியூஷன் எடுக்கும் எல்லோரும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

லாவோஸில் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ நடத்திய ரகசியப் போரில், அந்நாட்டு மலைகளில் வாழும் மோங் மக்கள் பலர் அமெரிக்கா பக்கம் நின்று சண்டை போட்டார்கள். 1975இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்ததும் அவர்களை வேட்டையாடத் தொடங்கினார்கள். மேகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்குத் தப்பியவர்களில் காவ் கலியாவின் பெற்றோரும் உண்டு. 1980இல் பான் வினாய் அகதி முகாமில் அவர் பிறந்தார். 1987இல் குடும்பம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே ஒரு கடையில் அம்மா பல்பு கேட்கிறார். ஆங்கிலம் வரவில்லை, திணறுகிறார். கடை ஆள் காது கொடுக்காமல் நகர்ந்துவிடுகிறார். அம்மா பேசுவதைக் கேட்காத உலகத்துக்கு என் பேச்சு எதற்கு என்று அந்தச் சிறுமி ஆங்கிலம் பேசுவதையே விட்டுவிட்டாள். வருடக்கணக்கில்! பேசாததையெல்லாம் எழுதினாள். அப்புறம் கொலம்பியா பல்கலைக்கழகம், 2008இல் முதல் புத்தகம். தொழிற்சாலையில் உழைத்த அப்பா ஒரு பாட்டுக்காரர். அவரைப் பற்றி 2016இல் எழுதிய புத்தகம் 2023இல் ஓபரா என்னும் இசை நாடகமாக மேடையேறியது.

என்னிடம் திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்த ஒருத்தி படிக்கிறாள். பள்ளியில் வாய் திறப்பதில்லை, மக்கு என்கிறார்களாம். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. தமிழிலேயே எழுது என்று நோட்டைக் கொடுத்தேன். ஆச்சி பீடி சுற்றியதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். அதை அவள் டீச்சரிடம் இந்தியில் சொல்லிக்காட்டப் போகிறேன்.