ஆறடி மீன்தொட்டி ஒட்டு விட்ட இரவு

மீன்தொட்டி உடைந்துவிட்டதாமே என்று பள்ளியில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். உடையவில்லை. ஐந்து கண்ணாடிகளும் கீறல்கூட இல்லாமல் அப்படியே இருக்கின்றன. போனது பின்பக்க மூலையில் இருந்த சிலிக்கான் ஒட்டு. கண்ணாடி உடைந்தால் நம் கையில் எதுவும் இல்லை. ஒட்டு விட்டால் பெரும்பாலும் கொஞ்ச நேரம் கிடைக்கிறது. பெரிய தொட்டி வைத்திருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் அந்த நேரத்தில் செய்ததையெல்லாம் எழுதுகிறேன்.

எங்களுடையது வில்லிவாக்கத்தில் முதல் மாடி வீடு. தொட்டி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். பக்கத்திலேயே கொளத்தூரில் சொல்லிச் செய்து வாங்கியது, 12 எம்.எம். கண்ணாடி. விளிம்பு வரை நிரப்பினால் ஏறக்குறைய 680 லிட்டர் பிடிக்கும். கண்ணாடியே நூறு கிலோவுக்கு மேல். மணல், கல், இரும்பு ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் முக்கால் டன்னைத் தாண்டிவிடும். கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875, வீட்டுத் தளங்களுக்குச் சொல்லும் பயன்பாட்டுச் சுமை (ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்ந்த எடை) சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. தொட்டி உட்காருவதோ ஒரு சதுர மீட்டருக்குச் சற்று அதிகமான இடத்தில். அதனால் கட்டட இன்ஜினியரிடம் கேட்டு, அடியில் பீம் ஓடும் சுவரோரமாகத்தான் வைத்தோம். மாடி வீட்டில் பெரிய தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் மீன் வாங்குவதற்கு முன்னால் இதைக் கேட்டுவிடுங்கள்.

உள்ளே இரண்டு ஆஸ்கர், ஒரு கூட்டம் சில்வர் டாலர், கல்லுக்கு அடியிலேயே கிடக்கும் ஒரு சக்கர் மீன். பெரிய ஆஸ்கருக்கு என் மகள் சுந்தரி என்று பெயர் வைத்திருந்தாள். வால் அடியில் ஆரஞ்சு வளையம் போட்ட கரும்புள்ளி, பக்கவாட்டில் நெருப்பு நிறத்தில் கிறுக்கல்கள். நான் தீனி டப்பாவை எடுத்தாலே கண்ணாடியில் வந்து முட்டும். மற்றவர்கள் எடுத்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வரும்.

ஐப்பசி அடைமழை. எல்லோரும் படுத்த பிறகு அம்மாதான் முதலில் கேட்டார். “என்னடி, பாத்ரூம் குழாயை மூடலையா?” கூடத்துக்கு வந்து பார்த்தால் பின் மூலையில், அடியிலிருந்து நாலு விரல் உயரத்துக்கு, தண்ணீர் தகடு போலச் சுவரில் பீய்ச்சிக்கொண்டிருந்தது. ஃபில்டரும் விளக்கும் செருகியிருந்த பிளக் போர்டு அதே சுவரில்தான் இருக்கிறது. அதைத் தொடக்கூட நான் நினைக்கவில்லை. வாசலுக்கு ஓடி மெயினை அணைத்தேன். ஈரத் தரை, ஈர பிளக், இருட்டு. செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மகள் நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

நான் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். நீரழுத்தம் உயரத்தைப் பொறுத்ததே தவிர நீளத்தைப் பொறுத்ததில்லை என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுவதுதான். 55 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும் ஆறடிக் கண்ணாடியின் மேல் சுமார் 270 கிலோ எடைக்குச் சமமான விசை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்தத் தண்ணீரைப் பாதி உயரத்துக்குக் கொண்டுவந்தால் விசை பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும். அன்றைக்கு எனக்குத் துணையாக இருந்தது இந்தக் கணக்கு ஒன்றுதான். ஓட்டையை அடைக்கத் துணியைத் திணிப்பது, டேப் ஒட்டுவது என்று நேரத்தைச் செலவழிப்பதைவிட, மிச்சம் இருக்கும் ஒட்டும் சேர்ந்து விட்டுப்போவதற்கு முன்னால் தண்ணீரை நாமே இறக்கிவிடுவதுதான் பாதுகாப்பு.

இறக்கினேன், ஆனால் சாக்கடையில் விடவில்லை. 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் மெட்ரோ வாட்டர் தண்ணீர் லாரிக்காக வாங்கிய இரண்டு நீல டிரம்கள் பால்கனியில் கிடந்தன. சென்னையில் அந்தக் கோடையைப் பார்த்த யாரும் டிரம்மைத் தூக்கிப் போட மாட்டார்கள். ஹோஸை வைத்து உறிஞ்சித் தொட்டித் தண்ணீரையே அவற்றில் நிரப்பினோம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், சூடும் வேறாக இருக்கும். மிரண்டுபோன மீனை அதற்குள் போடக்கூடாது.

கீழ்வீட்டிலிருந்து ஆள் வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “டீச்சர், எங்க ஃபேன் வழியா தண்ணி சொட்டுது” என்றார். விஷயத்தைச் சொன்னதும் தன் வீட்டு மெயினையும் அணைத்துவிட்டு, கையில் இரண்டு வாளியோடும் மருமகனோடும் மேலே வந்தார். அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டதால்தான் நான் மீனைப் பார்க்க முடிந்தது. இதை நான் மறக்கப் போவதில்லை.

ஆஸ்கரை வலையில் பிடிக்கக்கூடாது. துடித்துச் செதிலும் துடுப்பும் கிழியும். சக்கர் மீனின் முட்கள் வலையில் மாட்டிக்கொண்டால் எடுப்பது இன்னும் கொடுமை. அகலமான பேசினைத் தண்ணீரோடு உள்ளே இறக்கி, மெல்ல ஓரம் கட்டி, தண்ணீரோடு சேர்த்தே தூக்கினோம். டிரம்மில் விட்டதும் சுந்தரி ஒருக்களித்துச் சாய்ந்து அடியில் படுத்துவிட்டது. நிறமெல்லாம் வெளிறி, செவுள் மட்டும் மெதுவாக அசைந்தது. “போயிடுச்சுடி” என்று அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார். ஆஸ்கர் பயந்தால் அப்படித்தான் படுக்கும், இடம் மாறினாலே செய்யும் என்று சொல்லித் தேற்றினேன். எனக்கும் தொண்டை அடைத்தது உண்மை. சில்வர் டாலர்கள் துள்ளி வெளியே விழும் என்பதால் டிரம்களின் வாயில் பழைய வேட்டியைக் கட்டினோம். மின்வெட்டுக்காக வைத்திருந்த பேட்டரி ஏர் பம்ப் டிரம்முக்கு ஒன்றாக ஓடியது.

அப்புறம் ஃபில்டர். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் தண்ணீரில் அதிகம் மிதப்பதில்லை. ஃபில்டரில் இருக்கும் ஸ்பான்ஜிலும் பீங்கான் வளையங்களிலும்தான் ஒட்டி வாழ்கின்றன. மின்சாரம் இல்லாமல் மூடிய ஃபில்டருக்குள் அப்படியே விட்டால் சில மணி நேரத்திலேயே ஆக்சிஜன் இல்லாமல் சாக ஆரம்பிக்கும். அதனால் வளையங்களை வலைப்பையோடு எடுத்து, குழாயில் கழுவாமல், மீன் இருந்த டிரம்களிலேயே ஏர் பம்ப்பின் காற்றைக் குமிழிகளாக விடும் காற்றுக்கல்லுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். அடுத்த நாட்களில் தீனி போடவே இல்லை. தினமும் கொஞ்சம் தண்ணீரை மாற்றினேன், குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் மருந்து விட்டு ஆறவைத்த தண்ணீராக.

சில்வர் டாலர்கள் எல்லாம் பிழைத்தன. சக்கர் மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது வெளிக்காற்றையே விழுங்கி உயிரோடிருக்கும் சாதி. சின்ன ஆஸ்கர் அந்த வாரக் கடைசியில் இறந்துவிட்டது. ஏற்கெனவே வயதானது. டிரம்மின் நெருக்கம் தாங்கவில்லையா, பயமா, எதுவென்று சொல்ல முடியவில்லை. பத்து வருஷத்துக்குப் பக்கமாக எங்களோடு இருந்தது.

பெர்லினில் ஹோட்டலில் வெடித்த தொட்டி மாதிரியா என்று ஒரு மாணவன் கேட்டான். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் உடைந்தது அது. சுமார் 10 லட்சம் லிட்டர், ஏறக்குறைய 1,500 மீன்கள், பெரும்பாலானவை அங்கேயே செத்துப்போயின. அது ஆக்ரிலிக் உருளை, ஒரேயடியாகப் பிளந்தது. யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது. அந்தச் செய்தியை இப்போது தேடிப் படித்தபோது தரையில் கிடந்த மீன்களை நினைத்து மனசு ஆறவில்லை.

தொட்டியைச் செய்துகொடுத்த தம்பி வந்து பார்த்தார். “உள்ளே மேலாப்புல சிலிக்கான் பூசினா நிக்காதுக்கா” என்றார். அவர் சொன்னது சரி. காய்ந்த பழைய சிலிக்கான் மேல் புதுசு ஒட்டாது. பிளேடால் முழுக்கச் சுரண்டி, கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்து, கழற்றித் திரும்ப ஒட்டவேண்டும். பாத்ரூமுக்கு விற்கும் பூஞ்சைத்தடுப்பு சிலிக்கானை எடுத்துவிடவும் கூடாது, அதிலுள்ள மருந்து மீனைக் கொல்லும். அத்தனை பழைய ஒட்டு ஒரு மூலையில் விட்டால் மற்ற மூலைகளையும் நம்ப முடியாது. அதனால் அதே அளவில் திரும்பக் கட்டவேண்டாம் என்று முடிவு செய்தேன். அந்தக் கண்ணாடிகளை வெட்டி, நீளத்தை ஐந்தடியாகவும் உயரத்தை ஒன்றரை அடியாகவும் குறைத்திருக்கிறோம். அகலம் அதே இரண்டடி. ஆஸ்கருக்குத் தேவை திரும்பி நீந்த அகலம்தான். கண்ணாடிக்கும் ஒட்டுக்கும் பாரம் ஏற்றுவது உயரம்தான்.

இடையில் நல்லெண்ணத்தோடு ஒருவர், “மீனையெல்லாம் ஏரியில விட்டுடுங்களேன், பிழைச்சுக்கும்” என்றார். பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் ஆபத்து. தென்னமெரிக்கச் சக்கர் மீன் ஏற்கெனவே நம் ஊர் நீர்நிலைகளில் பரவியிருக்கிறது. கரையில் வளை தோண்டுகிறது, மீனவர் வலையைக் கிழிக்கிறது, உள்ளூர் மீனின் இரையைத் தின்கிறது. வைத்துக்கொள்ள முடியாதவர்கள் கொளத்தூர் கடைகளில் கேட்டுப் பாருங்கள், பெரிய மீனைத் திரும்ப எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏரியில் மட்டும் விடவே வேண்டாம்.

கீழ்வீட்டுக் கூரையில் கறை இருக்கிறது. மழை விட்டதும் பெயின்டர் வருகிறார், செலவு எங்களுடையது. புதுத் தொட்டி இப்போது கீழே பார்க்கிங்கில், தண்ணீர் நிரப்பி, சுற்றிலும் செய்தித்தாள் விரித்து நிற்கிறது. தாளில் ஈரம் தெரியாவிட்டால் அடுத்த வாரம் மேலே ஏற்றுவோம். முதலில் ஃபில்டர் வளையங்கள், பிறகு டிரம் தண்ணீர், கடைசியாகச் சுந்தரி. நேற்றிலிருந்து தீனிக்கு மேலே வர ஆரம்பித்திருக்கிறது.