குதிரைக்கு வயித்துவலி வந்த ராத்திரி: என்ன ஊசின்னு கேட்டு வெக்காம விட்டதுல பட்ட பாடு

பொன்னி இப்ப நல்லா இருக்கா, அதை முதல்ல சொல்லிடறேன், ரெண்டு நாளா நிறைய பேரு போன் பண்ணி கேட்டுட்டாங்க. அந்தியூர் ஆடிச் சந்தையில புடிச்சுட்டு வந்த குதிரை, வந்து நாலு வருஷம் ஆச்சு, ஒரு நேரம் கொள்ளு மிச்சம் வெச்சதில்ல. போன புதன்கிழமை ராத்திரி வெச்ச கொள்ளு அப்படியே கெடந்துச்சு.

முன்னங்காலால தரையைப் பறிச்சுக்கிட்டே இருக்கா, கழுத்தைத் திருப்பித் திருப்பி விலாவைப் பாக்கறா, படுக்கறா, உருள்றா, எந்திரிக்கறா. லாயத்துல காலையில போட்ட லத்தி மட்டும்தான், அதுவும் காஞ்சுபோன நாலு உருண்டை. அதைப் பாத்ததும் எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு, ஏன்னா மூணு வருஷம் முன்னாடி எனக்கு கிட்னி கல்லு வலி வந்தப்ப நானும் இதே மாதிரிதான் டைல்ஸ் தரையில உருண்டேன், எப்படிப் படுத்தாலும் தாங்காது. அன்னைக்கு வெறும் வாயுத் தொல்லைதான், சோடா குடின்னு சொல்லி அரை நாள் போச்சு, கடைசியில ஸ்கேன்ல பாத்தா 6 மில்லிமீட்டர் கல்லு, சிறுநீர்க் குழாய்ல அடைச்சு நிக்குது.

பக்கத்து தோட்டத்து பெரியவர் விளக்கெண்ணெயும் மூங்கில் குழாயும் எடுத்துட்டு வந்துட்டாரு, "சாமி, மாட்டுக்கு ஊத்தற மாதிரி தலையைத் தூக்கி ஊத்திரலாம்"னு. நான் விடல. குதிரைக்கு வாய் வழியா அப்படி ஊத்தினா நுரையீரலுக்குள்ள போயிடும், அப்பறம் வயித்துவலியை விட்டுட்டு நிமோனியாவுக்குப் பாக்கணும். தயவுசெஞ்சு யாரும் பண்ணாதீங்க. சோடா, ஓமத்தண்ணி எதுவும் வேண்டாம், தீவனத்தை முதல்ல எடுத்துருங்க.

இதுல நிதானமா இருந்தவன் அடுத்ததுல தப்பு பண்ணிட்டேன். டாக்டர் யாரும் போன் எடுக்கலைன்னு ஊருக்குள்ள மாட்டுக்கு ஊசி போடற ஒருத்தரைக் கூப்பிட்டேன். வந்தாரு, ஒரு வலி ஊசி போட்டாரு, போயிட்டாரு. அரை மணி நேரத்துல பொன்னி அமைதியாயிட்டா, நின்னுக்கிட்டு கண்ணு சொருகறா, சரியாயிருச்சுன்னு நாங்களும் போய் படுத்துட்டோம். ஒன்றரை மணிக்கு டமார்னு சத்தம், லாயத்துச் சுவத்துல உதைச்சுக்கிட்டு உடம்பெல்லாம் வேர்த்து ஊத்துது. வலிதான் அடங்கியிருக்கு, அடைப்பு அப்படியேதான் இருந்திருக்கு. நாலு மணி நேரம் வீணாப் போச்சு.

விடியறதுக்கு முன்னாடியே பிக்கப்ல ஏத்தி 20 கிலோமீட்டர் தள்ளி ஒரு கால்நடை மருந்தகத்துக்குப் போனோம், கதவு திறக்கவே எட்டரை ஆச்சு. டாக்டர் கேம்ப் போயிட்டாராம். இருந்தவரு வண்டிகிட்டகூட வரல, "இங்க ஆடு மாட்டுக்குத்தான் பாக்கறது, குதிரைக்கு டியூப் கெடையாது"ன்னு உள்ள இருந்தே சொன்னாரு. எங்க போகணும்னு கேட்டதுக்கு பதிலே இல்ல. இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிருப்போம். குதிரை வெச்சிருக்கவங்க இப்பவே விசாரிச்சு வெச்சுக்கோங்க, உங்க பக்கத்துல குதிரைக்கு மூக்கு வழியா டியூப் போடறவங்க யாரு, ராத்திரி யாரு இருப்பாங்கன்னு.

பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேர்றப்ப மணி பதினொன்னு. டாக்டரம்மா நெஞ்சுல ஸ்டெத் வெச்சு எண்ணுனாங்க, நிமிஷத்துக்கு 60. சும்மா நிக்கற குதிரைக்கு 28ல இருந்து 44க்குள்ள இருக்கணுமாம். அடுத்த கேள்வி, "ஏனுங்க, ஏற்கனவே ஊசி போட்டீங்களா, என்ன மருந்து, எத்தனை மணிக்கு?" எனக்கு பதில் தெரியல. சீட்டு இல்ல, பாட்டில் இல்ல. அது தெரியாம மறுபடியும் வலி ஊசி போட முடியாது, சில மருந்து ரெண்டு தடவை சேந்தா கிட்னியும் வயிறும் புண்ணாயிடும்னாங்க. அந்த ஊசிக்காரருக்கு ஆறு தடவை போன், ஏழாவது தடவை எடுத்தாரு, வண்டிப் பெட்டியில இருந்த காலி பாட்டிலை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புனாரு. அந்த போட்டோ வந்தப்ப எனக்கு கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

அப்பறம் எல்லாம் வேகமா நடந்துச்சு. ஆசனவாய் வழியா கையை உள்ள விட்டுப் பாத்தாங்க, பெருங்குடல் வளையற எடத்துல தீவனம் கட்டியா நிக்குது. அந்த எடத்துல குடல் சட்டுனு குறுகிடும், அதனால அடைப்பு அங்கதான் அதிகம் வருமாம். மூக்கு வழியா டியூப், முதல்ல இரைப்பையில தேங்கியிருக்கான்னு பாத்தாங்க. நமக்குன்னா வாந்தி வந்து கொஞ்சம் லேசாகும், குதிரையால வாந்தி எடுக்கவே முடியாது, ரொம்பி நின்னா இரைப்பை வெடிச்சுரும், அதனால அந்த டியூப்தான் உயிரு. தேங்கல. அந்த டியூப் வழியா மூணு லிட்டர் லிக்விட் பாரஃபின் (குடலை வழுக்க வெக்கற எண்ணெய்), தண்ணி, கழுத்துல ட்ரிப். முறுக்கிக்கிட்ட குடலா இருந்தா ஆபரேஷன்தான், மருந்துக்கு கேக்காதுன்னும் சொன்னாங்க.

காரணம் கேட்டப்பதான் நெஞ்சு கனத்துச்சு. பச்சைத் தட்டுத் தீவனம் தீந்துபோயி ஒரே நாள்ல காஞ்ச சோளத்தட்டுக்கு மாத்துனேன், மார்கழிக் குளிர்ல தொட்டித் தண்ணி சில்லுனு இருந்து அவ சரியா குடிக்கல, நான் வெளியூர் போனதுல ரெண்டு நாள் கட்டுத்தறியிலயே நின்னுட்டா. தீவனத்தை ஒரு வாரம் பத்து நாளாவது எடுத்து கொஞ்சங்கொஞ்சமா மாத்தணும். எனக்கு கல்லு வந்தப்பவும் டாக்டர் முதல்ல கேட்டது ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கறீங்கன்னுதான்.

வெள்ளிக்கிழமை விடிகாலை நாலரைக்கு லத்தி போட்டா. டார்ச் அடிச்சுப் பாத்தேன், கெட்டியா சின்னச் சின்ன உருண்டை, மேல சளி மாதிரி படிஞ்சு எண்ணெய் பளபளன்னு மின்னுது. டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், "லத்தியும் எண்ணெயும் வெளிய வருது, வழி திறக்குது"ன்னாங்க. ஒரு பிடி பச்சைப்புல் குடுக்கச் சொன்னாங்க, கொள்ளு இன்னும் சில நாளைக்கு கெடையாது. இப்ப தொட்டியில வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி, காலையிலயும் சாயங்காலமும் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு சாக்பீஸால சுவத்துல எழுதறேன். நேத்து 30 லிட்டர் குடிச்சிருக்கா.