இரண்டாவது மாடியில் பாதி

ஜனவரி 19, 2025

பெரம்பூர்க்காரரும் அவருடைய அக்காவும் இன்று கல்யாணப் பேச்சுக்காக வீட்டுக்கு வந்தார்கள். பெயர் எழுதப் போவதில்லை. பெரம்பூரில் இருக்கிறார், அது போதும். மனைவி இறந்து ஏழு வருஷம். பாலிடெக்னிக் படிக்கிற ஒரு பையன். அக்கா காபியை வாங்கிக்கொண்டே சுவரையும் சீலிங்கையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "வீடு உன் பேர்லதானேம்மா?" என்றார்.

"ஆமாங்கக்கா" என்றேன்.

பொய் இல்லை. பாதி உண்மை. 2011-ல் தண்டையார்பேட்டையில் இந்த 610 சதுர அடி ஃபிளாட்டை வாங்கியபோது, கிரயப் பத்திரத்தில் என் பெயரும் என் மகள் பாப்பாவின் அப்பா பெயரும் சேர்ந்தே விழுந்தன. 2021-ல் இருவரும் சம்மதித்துப் பிரிந்தோம். மனுவில் வீட்டைப் பற்றி ஒரே வரி: பின்னர் பேசித் தீர்த்துக்கொள்வோம். அன்றைக்கு ஐகோர்ட் வளாகத்தை விட்டு வெளியே வந்தால் போதும் என்றிருந்தது. அதற்கப்புறம் பேசவும் இல்லை, தீர்க்கவும் இல்லை.

ஜனவரி 23

வீட்டின் மேல் என்னென்ன பதிவு இருக்கிறது என்று பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். இரண்டு பெயரும் அப்படியேதான் இருக்கின்றன. கூடவே இன்னொரு பூதம். வீட்டுக் கடன் போன வருஷமே முடிந்து பத்திரம் பீரோவுக்கு வந்துவிட்டது. ஆனால் வங்கியில் பத்திரத்தை ஒப்படைத்த பதிவு இன்னும் நிற்கிறது. வங்கியிடமிருந்து ரசீது வாங்கி அதையும் பதிவு செய்திருக்க வேண்டுமாம்.

கரண்ட் பில், சொத்து வரி, மெயின்டனன்ஸ் எல்லாம் நான்தான் கட்டுகிறேன். அதில் எதுவும் பத்திரம் ஆகாது. எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடைக்குக் கணக்கு எழுதுகிறவளுக்கு இது தெரியாமல் போனதுதான் வெட்கம்.

பிப்ரவரி 1

தம்புச் செட்டித் தெருவில் வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். படி ஏறும்போதே மூச்சு வாங்கியது, பாதி பயம்.

தீர்ப்பு கல்யாணத்தைத்தான் கலைத்தது, கிரயத்தை இல்லை என்றார். மறுமணம் செய்தாலும் என் பங்கு போகாது. பாப்பாவின் அப்பா பங்கும் போகாது. அவர் ஏற்கெனவே மறுமணம் செய்து ஒரு பையனும் இருக்கிறான். பத்திரத்தில் யாருக்கு எவ்வளவு என்று எழுதாததால், யார் எவ்வளவு பணம் போட்டார்கள் என்பதற்கு ஆதாரம் காட்டாதவரை ஆளுக்குப் பாதி. பிரிந்த பிறகு தவணை முழுவதும் நான் கட்டியதற்கு பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கிறது. "பத்திரமா வச்சுக்கோங்க, பேரம் பேச உதவும்" என்றார்.

பாப்பாவின் அப்பா நினைத்தால் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். 610 சதுர அடியைக் குறுக்கே சுவர் வைத்துப் பிரிக்க முடியாது. அந்த மாதிரி நேரத்தில் வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிக்கச் சொல்ல 1893-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. மெட்ரோ வந்த பிறகு இந்தப் பக்கம் விலை ஏறியிருக்கிறது. ஏறிய விலையில் அவர் பாதியை நான் வாங்கவும் வேண்டும்!

வயிற்றெரிச்சல் என்னவென்றால், கணவன் மனைவியாக இருந்தபோதே அவர் தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதியிருந்தால் முத்திரைத்தீர்வை ஒரு சதவீதம்தான். அன்றைக்கு 25,000 ரூபாய்க்கு மேல் போகாது. இப்போது உச்சவரம்பு 40,000, ஆனால் அது குடும்பத்துக்குள் மட்டும். நாங்கள் இப்போது குடும்பம் இல்லை. அதனால் 7 சதவீதம். கிரயமாகப் போட்டால் அதற்கு மேல் பதிவுக் கட்டணம் 2 சதவீதம். நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அரசாங்கம் போட்ட வட்டி.

பிப்ரவரி 2

ராத்திரி பாப்பாவின் கணக்கு நோட்டுப் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தேன். உயில் இல்லாமல் நான் போனால் என் பாதி பாப்பாவுக்கும் வரப்போகும் கணவருக்கும் சமமாகப் போகும். பாப்பாவின் அப்பா போனால் அவர் பாதி அவருடைய அம்மா, மனைவி, பையன், பாப்பா என நாலாகும். எட்டாகப் பிரித்தால் பாப்பாவுக்கு மூன்று, பெரம்பூர்க்காரருக்கு இரண்டு, மற்ற மூவருக்கும் ஒவ்வொன்று. மொத்தம் ஐந்து சொந்தக்காரர்கள். ஒரே ஒரு பாத்ரூம்.

பெரம்பூர்க்காரரின் பையன் எனக்கு வாரிசு ஆக மாட்டான், பாப்பாவும் அவருக்கு ஆக மாட்டாள். ஆனால் என்னிடமிருந்து அவருக்குப் போனது அப்புறம் அவர் பையனுக்குத்தானே போகும்? இந்த வீட்டின் முதல் தவணைக்கு நான் விற்ற வளையல் என் அம்மா போட்டது.

பிப்ரவரி 8

கடையில் பில்லிங்கில் இருக்கும் ராயபுரத்து அக்காவிடம் உயில் பற்றிச் சொன்னேன். "கல்யாணத்துக்கு முன்னாடி எழுதாதடி, செல்லாது" என்றார். அவர் கிறிஸ்தவர், முதல் கணவர் இறந்த பிறகு பிள்ளைகளுக்கு எழுதிய உயில், இரண்டாவது கல்யாணத்தோடு தானாகவே ரத்தாகிவிட்டதாம். மறுபடி எழுத வேண்டியிருந்தது. பயந்துபோய் வக்கீல் அம்மாவுக்கு போன் போட்டேன். கிறிஸ்தவர்களுக்கு அப்படித்தான், இந்துக்கள் எழுதும் உயிலைக் கல்யாணம் ரத்து செய்யாது என்றார். ஒரே கடை, ஒரே கல்லா, இரண்டு சட்டம்.

பிப்ரவரி 16

பாப்பாவின் அப்பா வந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு வருவது வழக்கம். பாப்பா டியூஷன் போன பிறகு சொன்னேன். மறுமணம் என்றதும் ஒரு நிமிஷம் ஜன்னலைப் பார்த்தார். "நல்லது" என்றார். அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

"உங்க பங்கை பாப்பா பேருக்கே செட்டில்மென்ட் எழுதிடுங்க. அப்பா மகளுக்கு எழுதுறதால செலவும் கம்மி" என்றேன்.

"எனக்குப் பையன் இருக்கான்ல? பாதி அவனுக்கு, பாதி பாப்பாவுக்கு எழுதுறேன்" என்றார்.

கோபம் வரவில்லை. அவர் நியாயம் அது. ஆனால் மைனர் பெயரில் சொத்து இருந்தால் கோர்ட் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. பாப்பாவுக்கு வயது 15, அந்தப் பையனுக்கு 3. பதினைந்து வருஷம் இந்த வீட்டை அசைக்க முடியாது. அதைச் சொன்னதும் அவரும் தலையைச் சொறிந்தார்.

கடைசியில் பணம் என்று வந்து நின்றது. பிரிந்த பிறகு நான் கட்டிய தவணையில் அவர் பாதியைக் கழித்துக்கொள்ளச் சம்மதித்தார். ஸ்டேட்மென்ட்டை எடுத்துக் காட்டுவதற்கு முன்பே சம்மதித்தார், அது ஆச்சரியம். மீதிக்கு ஆடியில் என் சீட்டு முடிகிறது. அப்போது கிரயம். அதுவரைக்கும் வாய்ப்பேச்சு வேண்டாம், ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துவிடலாம் என்றேன். "நீ இன்னும் மாறல" என்றார். மாறியதால்தான் கேட்கிறேன்.

மார்ச் 2

பெரம்பூர்க்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தேரடி மெட்ரோவில் இறங்கி வடிவுடையம்மன் கோயில் வரை நடந்தபடி. அக்காவிடம் சொன்ன "ஆமா" பாதிதான் என்பதையும், என் பங்கு முழுவதும் பாப்பாவுக்கே உயில் எழுதப் போகிறேன் என்பதையும். குளக்கரை வரைக்கும் அவர் பேசவில்லை. எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

"நானும் என் வீட்டைப் பையனுக்குத்தான் எழுதணும்னு இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார்.

அக்காவிடம் யார் சொல்வது என்பதில் மட்டும் இன்னும் முடிவில்லை.

மார்ச் 8

உயில் தட்டச்சாகி வந்தது. கீழ்வீட்டு ரிட்டயர்டு சாரும் அவர் மனைவியும் சாட்சி. கையெழுத்துப் போடுவதற்கு முன் பெரம்பூர்க்காரர் படித்துப் பார்த்தார். "ஒண்ணு கேக்கலாமா?" என்றார். "நீங்க போயிட்டா பாப்பா என்னை அடுத்த நாளே காலி பண்ணச் சொல்லுமா?"

சிரித்துவிட்டேன். ஆனால் நியாயமான கேள்வி. அவர் ஒரு வருஷம் வரை வாடகை இல்லாமல் இங்கே தங்கலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். மறுபடி தட்டச்சு செய்ய இருநூறு ரூபாய் கேட்டார்கள். அதை அவரே கொடுத்தார்.